மங்களம் பாடாத கூத்து

என் அப்பாவை நான் "அம்மா" என்றுதான் கூப்பிடுவேன். படப்பிடிப்புக்கு நடுவே மேக்கப் அறையில் டிரங்க் கால் மணி அடிக்கும். ரிசீவரை எடுத்து, "அம்மா, சாப்பிட்டீங்களா? கால் வீக்கம் வடிஞ்சுதா?" என்று கேட்பேன். கடல் தாண்டி வருகிற பதிலோ கரகரவென்று ஆண் குரலில் இருக்கும். ஒட்டுக்கேட்ட ஒரு மகராசன் போய்ப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் சொல்ல, அவர் அதை வைத்து ஒரு கிசுகிசுவே எழுதிவிட்டார். எழுதட்டும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் ஓர் உயிரைக் கையில் பிடித்து வைத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

"அழுகைக் காட்சியில் உங்களுக்குக் கிளிசரினே வேண்டாமாமே, யாரிடம் கற்றீர்கள்?" என்று வேறு கேட்பார்கள். யாரும் கற்றுத்தரவில்லை, ஐயா. பயந்தேன். அவ்வளவுதான் என் நடிப்புப் பள்ளிக்கூடம்.

நான் பிறந்தது மலாயாவில், லுக்குட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். என்னைப் பெற்றுப் போட்ட கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டாள். லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். சொந்தம் என்று சொல்ல இந்தப் பக்கம் வேறு யாரும் கிடையாது. காலையில் அப்பா கித்தா மரம் சீவுவார். ரப்பரை நாங்கள் கித்தா என்போம். திருவிழா என்றால் கூத்தில் பெண் வேஷம் கட்டுவார். எங்கள் தோட்டத்தில் பெண்கள் ஆடும் வழக்கமே இல்லை. ராணியோ தாதியோ, எல்லாம் ஆண்கள்தான். அப்பாவின் ராணி வேஷத்தைப் பார்க்கக் கோலா கிளாவாங் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் லோரி பிடித்து வருவார்களாம். மெலிந்த உடம்பு, கூரான முகம். வேஷத்துக்காகவே முடியை நீளமாக வளர்த்துக் கொண்டை போட்டிருந்தார். அம்மாவின் கல்யாணப் புடவைதான் ராணியின் புடவை.

கூத்துக்காரர்களுக்கு ஒரு கட்டு உண்டு. அரிதாரம் பூசிவிட்டால் அந்த ஆளை அவன் பெயர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. ராணி வேஷம் கட்டியவர் எல்லோருக்கும் ராணியம்மா. கூத்து முடிந்து, அதை நடத்தும் வாத்தியார் மங்களம் பாடிய பிறகுதான் வேஷத்தைக் கலைக்கலாம், பழைய பெயரைச் சொல்லலாம். அதற்கு முன்னால் கூப்பிட்டால் ஆடியவனுக்கு ஆகாது. எனக்கு நடக்கத் தெரிந்ததுமே ராணியின் குழந்தையாக என்னையும் இறக்கிவிட்டார்கள். சிறுமி என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது வாத்தியார் எனக்கும் அந்தக் கட்டைச் சொன்னார். "மங்களம் பாடுற வரைக்கும் இது ஒனக்கு அப்பா இல்ல, அம்மா. மறந்தும் மாத்திக் கூப்புட்டுடாத, கண்ணு." எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா என்று கூப்பிட எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடிப்போனார். கித்தா வாங்க ஆளில்லை. மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டோம். மூன்று வேளையும் மரவள்ளி, கட்டத் துணி கிடையாது, சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிந்தோம். அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போன ஆண்கள் திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் லயம் லயமாகப் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சினார்கள். தாயில்லாத பிள்ளைக்குத் தகப்பனும் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். அப்படி இரண்டு பிள்ளைகள் எங்கள் தோட்டத்துக் குப்பைமேட்டில் மரவள்ளித் தோல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா வெளியே போனால் திரும்பி வரும்வரை நான் வாசற்படியை விட்டு நகர மாட்டேன்.

ஆண்கள் பகலில் மலைக்காட்டுக்குள் ஒளிந்துகொள்ளத் தொடங்கினார்கள். அப்பாவும் போவார். அந்த நேரத்தில்தான் தண்டல் லயத்துக்கு வந்தார். தண்டல் என்றால் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் மேலாள். துரை போனபின் ஜப்பான்காரனுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றவர் அவர்தான். கூத்துப் பைத்தியம் வேறு.

"மாரியம்மனுக்குக் கூத்துப் போட்டு எத்தன நாளாச்சு? ஜப்பான்காரன் அனுமதி குடுத்துட்டான். அரிசிகூட தரானாம். சோறு போடுறான் லா! அம்மன் கூத்துக்கு வர்றவன ஒண்ணும் செய்ய மாட்டான், நான் பொறுப்பு."

வாத்தியாருடைய மனைவியை நான் அத்தை என்பேன். அடுத்த வீடு. எனக்குத் தலை வாரி விடுகிறவர் அவர்தான். "ஏங்க, எனக்கு மனசே சரியில்ல. வேணாங்க," என்று வாத்தியாரிடம் கெஞ்சினார். வாத்தியார் கேட்கவில்லை. ஊரில் ஒரே காய்ச்சலும் புண்ணுமாக இருந்தது. அம்மன் கூத்தை விட்டதால்தான் இந்தக் கஷ்டம் என்று எல்லோரும் நம்பினார்கள். துப்பாக்கிக்குப் பயந்து காட்டில் கிடந்த ஆண்கள் அத்தனை பேரும் கூத்து என்றதும் இறங்கி வந்தார்கள். எங்கள் சனத்தைத் தவிர வேறு யார் இப்படி வருவார்கள், சொல்லுங்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் வருகிற அதே நேரத்தில் அழுகையும் வருகிறது.

மண்ணெண்ணெய் கிடையாது. அதனால் பகலிலேயே கூத்து. கோயில் முன்னால் திடலில் வெயில் சாயத் தொடங்கியதும் ஆரம்பித்தார்கள். அரிதாரம் ஏது? மரவள்ளி மாவும் மஞ்சளும் குழைத்து அப்பா முகத்தில் பூசிக்கொண்டார். அடுப்புக்கரி மை. வெற்றிலை போட்ட உதடு. கொண்டையை அவிழ்த்துப் பின்னி, அம்மாவின் புடவையைக் கட்டி நின்றபோது அந்தச் சாக்குத்துணிக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் மனுஷியாகத் தெரிந்தார்.

நாட்டை இழந்த ராணி குழந்தையோடு காட்டில் அலையும் இடம். எனக்கு ஒரே ஒரு வசனம்தான். "அம்மா, பசிக்குதும்மா." அதைச் சொல்லவேண்டிய நேரத்தில் லோரிச் சத்தம் கேட்டது.

மூன்று பக்கமும் லோரி. கோயிலுக்குப் பின்னாலிருந்தும் சிப்பாய்கள் வந்தார்கள். ஓடியவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். தண்டல் ஒவ்வொருவராகக் காட்டவேண்டும். இவன் நல்ல வேலைக்காரன், இவன் நோயாளி என்று அவர் சொல்லச் சொல்ல லோரி நிறைந்தது. தாளத்தைக் கையில் பிடித்தபடியே வாத்தியாரை ஏற்றினார்கள். அத்தை போட்டதுபோன்ற கூச்சல் எனக்குப் படத்தில்கூட வரவில்லை.

அப்பா நின்ற இடத்தில் நின்றார். ஓடியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு சிப்பாய் எங்களிடம் வந்தான். சின்ன வயசுக்காரன். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். கைகளைப் பார்த்தான். பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் இருந்த புகைப்படத்தில்தான் பார்த்தேன், ஜப்பானிலும் ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடுவார்களாம். அடப்பாவி, அதனால்தான் கழுத்தைப் பார்த்தாயா என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அது தெரிந்திருந்தால் பயத்திலேயே உளறியிருப்பேன்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மங்களம் பாடவில்லை. புடவையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, பசிக்குதும்மா," என்றேன்.

அப்பா குனிந்தார். ராணியின் குரலில், "பொறுத்துக்கோடி என் கண்ணே," என்றார். குரல் நடுங்கவில்லை.

சிப்பாய் திரும்பித் தண்டலைப் பார்த்தான். திடலில் நின்ற அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள். புருஷனை லோரியில் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவர்கள். அதிலே ஒருத்தி, "என் புருஷன் மட்டும் போகணுமா?" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும். யாரும் விடவில்லை.

"பெரம்புவான்," என்றார் தண்டல். மலாயில் பெண் என்று அர்த்தம். சிப்பாய்க்குப் புரிந்தது. எங்களைப் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போனான்.

லோரி கிளம்பியபோது வாத்தியார் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கத்தினார். "இன்னும் மங்களம் பாடல! நான் வந்து பாடுறேன். அதுவரைக்கும் யாரும் கலைக்கக் கூடாது!"

அவர் யாருக்குச் சொன்னார் என்று அந்தத் திடலில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

சிப்பாய்கள் போய்த் தொலைந்திருந்தால் அன்றே வேஷம் கலைந்திருக்கும். காட்டில் இன்னும் ஆட்கள் ஒளிந்திருப்பார்கள் என்று ரப்பர் ஸ்டோரில் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். அதனால் அப்பா அம்மாவாகவே இருந்தார். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிட, ஆள் கூடும்போது பெண்கள் வரிசையில் நின்றார். பெண்களோடு புல் வெட்டினார், மரவள்ளி பிடுங்கினார், ஆற்றில் பெண்கள் துறையில் குடம் நிரப்பினார். சிப்பாய்களின் கண்ணில் படாமலிருக்க எங்கள் பெண்கள் எல்லோருமே முகத்தில் கரி பூசி, தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அந்தக் கரிதான் அப்பாவின் தாடியையும் மறைத்தது. ஆனாலும் மயிர் முளைக்குமே, அதற்கு ஜப்பான்காரனுக்குப் பயமா இருக்கிறது? உடைந்த பால்வெட்டுக் கத்தித் துண்டைக் கல்லில் தீட்டி, பெரட்டுக்கு முன்னால் அத்தை தினமும் வந்து வழித்துவிடுவார். சோப்பு இல்லை. ரத்தம் கசியும். நான் வாசலில் உட்கார்ந்து ஸ்டோர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அப்பா தாங்கமுடியாமல், "ஒன் புருஷன் அங்க என்ன பாடு படுறாரோ. நீ இங்க எனக்கு மொகம் வழிக்கிற. போதும்மா. நானே போயி நின்னுடுறேன்," என்றார்.

அத்தை முகத்திலிருந்து கத்தியை எடுக்கவில்லை. "பேசாதீங்க ராணியம்மா, வெட்டிரும். அவரு வந்து, ஏன்டி கலைக்க விட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார். வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் மூவரைத் தவிர யாருமில்லாத இடத்திலும் ராணியம்மாதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். "அப்பா" என்ற வார்த்தையை வாயிலேயே எடுக்கவில்லை. வாயில் எடுக்காதது மட்டுமல்ல, மனசுக்குள்ளும் நினைக்கக் கூடாது, நினைத்தால் ஒருநாள் வழுக்கி வெளியே வந்துவிடும் என்று எனக்கே தோன்றியது. காய்ச்சலில் படுத்தபோது பிதற்றலில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் துணியை அப்பாதான் அழுதுகொண்டே எடுத்தார். ஐயோ, என்ன குழந்தைப் பருவம் அது!

அந்தச் சின்னச் சிப்பாய் மறுபடியும் வந்தான். இந்தமுறை அதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வேலை முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பிக் கரியைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். அன்று அத்தைக்கு உடம்புக்கு முடியாமல் காலையில் வழித்துவிட வரவில்லை. அப்பா முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே நிற்கிறார், தாடையில் கருகருவென்று முள். வாசலில் தண்டல். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"அந்த ராணியப் பாடச் சொல்றாங்க. அதிகாரி பாக்கணுமாம்," என்றார். பிறகு சிப்பாயிடம் மலாயில் ஏதோ கெஞ்சினார். காய்ச்சல், படுத்திருக்கிறாள், ஒட்டிக்கொள்ளும் என்று கையால் காட்டினார். பொய் வெளிப்பட்டால் முதலில் உருளுவது தன் தலைதான் என்று அவருக்குத் தெரியும். சிப்பாய் அவரை ஒதுக்கிவிட்டுக் கதவை நோக்கி நடந்தான்.

நான் குறுக்கே போய் நின்றேன். திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. திடலில் ராணி முதன்முதலாக நுழையும்போது பாடுவாளே, அந்தப் பாட்டை எடுத்தேன். கையை அப்பா நீட்டுவதுபோல நீட்டினேன். சாக்குத்துணியின் ஓரத்தை முந்தானைபோலப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அதிகாரி சிரித்தார். சிப்பாய் நின்றான்.

பாட்டு முடிந்தால் அவன் கதவைப் பார்ப்பான். அதனால் முடிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனேன். நாடு இழந்த புலம்பல், காட்டு வழி, பசி. ராணியின் வசனம், குழந்தையின் வசனம், இரண்டும் நானே. என் வாயில் அத்தனையும் இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கண் அதிகாரியின் முகத்தில். அது கொஞ்சம் சலித்தால் உடனே அழுகையை ஏற்றுவேன். அழுகை உண்மை. உள்ளே இருப்பவரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று அழுதேன். அவர்கள் பாட்டுக்கு அழுகிறேன் என்று நினைத்தார்கள். லயத்துப் பெண்கள் வட்டமாகக் கூடி நின்று கைத்தாளம் போட்டார்கள். கூடி நின்றவர்கள் கதவுக்கு முன்னால்தான் நின்றார்கள்.

அதிகாரிக்குத் திருப்தி. என் கன்னத்தைத் தட்டி, ஒரு சர்க்கரைக் கட்டியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். வருஷக்கணக்கில் இனிப்பையே பார்க்காதவள் நான். லோரிச் சத்தம் அடங்கும்வரை மூடிய கையைத் திறக்கவில்லை. திறந்தபோது வியர்வையில் பாதி கரைந்திருந்தது. அப்பா வெளியே வந்து அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினார். தாடி முள் குத்தியது. தண்டல் லயத்துப் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தியையும் தண்டல்தான் கொண்டுவந்தார். "முடிஞ்சுபோச்சு. கலைச்சிடலாம்," என்றார்.

"வாத்தியார் வரட்டும்," என்றார் அப்பா.

பிழைப்புக்காக முடியை வெட்டிக்கொண்டார். வேட்டி கட்டினார். பழையபடி கித்தா சீவப் போனார். ஆனால் வேறு யாராவது மங்களம் பாடிவிடலாம் என்று எவர் சொல்லியும் சம்மதிக்கவில்லை. வாத்தியார் வரவில்லை. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய சிலரிடம் அத்தை ஓடி ஓடி விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அப்பாவை அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. அவரும் "என்னம்மா" என்று திரும்பிப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சிரம்பானுக்கு வந்த நாடகக் கம்பெனிக்குப் பாடத் தெரிந்த சிறுமி ஒருத்தி தேவைப்பட்டாள். தண்டல்தான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். "இவ நடிச்சா மனுசன் நின்ன எடத்த விட்டு நகர மாட்டான். நான் பாத்திருக்கேன்," என்றார். அவர் சொன்னது அவருக்கும் எனக்கும் மட்டும் புரிந்தது. கம்பெனியோடு ஊர் ஊராகப் போனேன். கப்பலேறிச் சென்னைக்குப் போனேன். படங்களில் தோழியருள் ஒருத்தியாகத் தட்டு ஏந்தி நின்றேன். தமிழ் உச்சரிப்பு எஸ்டேட் வாடை அடிக்கிறது என்று துரத்தினார்கள். திரும்பப் போய் நின்றேன். ஒரு படத்தில் கதாநாயகிக்கு உடம்பு சரியில்லாமல் போக, தாயைப் பிரியும் காட்சியில் என்னைத் தள்ளினார்கள். கேமரா ஓடியது. எனக்கு எதிரே துப்பாக்கியோடு ஒருவன் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். "கட்" என்று சொல்ல டைரக்டர் மறந்துவிட்டார். லுக்குட்டில் சுவர் நிறைய என் முகத்தை ஒட்டினார்கள்.

அப்பாவை மட்டும் சென்னைக்கு அழைத்துவர முடியவில்லை. பெரிய வீடு கட்டினேன், அவருக்குக் கீழேயே அறை வைத்தேன். டிரங்க் காலில் கெஞ்சினேன். "நான் அங்க வந்துட்டு, அந்த நேரம் பாத்து வாத்தியார் இங்க வந்துட்டா?" என்பார். "வரமாட்டாரும்மா," என்பேன். "ஒனக்குத் தெரியுமா?" என்பார்.

தகவல் வந்தபோது முகத்தில் மேக்கப்போடு இருந்தேன். அப்படியே விமான நிலையத்துக்குப் போனேன். என்னைப் பார்க்க லயத்தின் முன்னால் கூட்டம் நெரிந்தது. உள்ளே அப்பா கிடந்தார். குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். யாரோ முகத்தை வழித்துவிட்டிருந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. தலைமாட்டில் அத்தை உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தலை, கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் கத்தித் துண்டு மடியில் இருந்தது. வாத்தியாருக்காக அவர் இன்னும் தாலியைக் கழற்றவில்லை.

அம்மா, அம்மா என்று நான் விழுந்து அழுதேன். என்னோடு வந்த சென்னைக்காரர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

தூக்கப் போகிறோம் என்றார்கள். இருங்கள் என்றேன். இந்த மனுஷன் இப்படியே வேஷத்தோடு போகக் கூடாது. எழுந்து நின்று மங்களம் எடுத்தேன்.

"சாவு வீட்டுல மங்களமா! நிறுத்தும்மா! சினிமாக்காரின்னா எது வேணா செய்யலாமா?" என்று ஒருவர் பாய்ந்து வந்தார். சுற்றிலும் இரைச்சல். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். பாட்டு பாதியில் நின்றது.

அத்தை தலையைத் தூக்கினார். "விடுங்கடா அவள," என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் இரைச்சல் அடங்கியது. "என் வீட்டுக்காரர் பாடாம விட்டுட்டுப் போனது. அவரு இனிமே வர மாட்டாரு. எனக்குத் தெரியும். நீ பாடு, கண்ணு." அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆனது. சொல்லிவிட்டுத் தன் கையால் தாளம் போட்டார்.

முழுவதும் பாடினேன். ஓர் அடியும் விடவில்லை. முடிந்ததும் ஒரு துணியை நனைத்து, அப்பாவின் முகத்தில் அரிதாரம் இருப்பதுபோலவே நெற்றியிலிருந்து தாடைவரை துடைத்தேன். பிறகு காதருகே குனிந்து, "அப்பா," என்று கூப்பிட்டேன். வாய்க்குப் பழகாத வார்த்தை, சரியாக வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் தூக்க விட்டேன்.